செம்மலைகளுக்கு நடுவே இரண்டு சைக்கிள்கள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் ஒருவர் பயனுள்ளதாக ஏதாவது பேசவேண்டும் என்று செயலாளர் கேட்டார். நான் சைக்கிளைப் பற்றிப் பேசப் போகிறேன். பயன் உண்டா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

சென்ற செப்ரெம்பரில் என் வகுப்புத் தோழியும் நானும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஸயன் தேசியப் பூங்காவுக்குப் போயிருந்தோம். வேதாகமத்தில் வரும் சீயோன்தான். பின்னாளில் குடியேறிய மோர்மன் மக்கள் வைத்த பெயர். அதற்கு முன்பே அது பாயூட் பழங்குடியினரின் நிலம். 1909இல் அரசு அதைப் பாதுகாத்தபோது முகுந்துவீப் என்ற அவர்களுடைய சொல்லைத்தான் பெயராக வைத்தது. 1919இல் தேசியப் பூங்காவானபோது அந்தப் பெயர் இல்லை. எங்கள் பாடசாலையைப் போல அதுவும் நூறு கண்டதுதான்.

பூங்கா என்றதும் பூச்செடியும் ஊஞ்சலும் நினைக்கவேண்டாம். பாலைநிலத்தின் நடுவே, இருபுறமும் இரண்டாயிரம் அடிக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் சிவப்புக் கற்சுவர்கள். அடியில் வேர்ஜின் என்றொரு சிற்றாறு. அந்தச் சிற்றாறுதான் இவ்வளவு கல்லையும் அறுத்திருக்கிறது. வழுக்கியாற்றைத் தவிர ஆறென்று சொல்ல ஒன்றுமில்லாத ஊர்க்காரிகள் நாங்கள், பாலத்தில் நின்று நெடுநேரம் பார்த்தோம்.

வருடத்தின் பெரும்பகுதியில் அந்தப் பள்ளத்தாக்கு வீதிக்குள் சொந்தக் கார் விடமாட்டார்கள். 2000ஆம் ஆண்டிலிருந்து பூங்காவின் இலவச பஸ்தான். சைக்கிளுக்குத் தடையில்லை. பின்னால் பஸ் வந்தால் ஓரமாக நிறுத்தி வழிவிடவேண்டும், அவ்வளவுதான்.

வாசலிலுள்ள ஸ்பிரிங்டேல் என்ற சிற்றூரில் இரண்டு சைக்கிள் வாடகைக்குச் சொல்லி வைத்திருந்தேன். தோழி, "நீ ஓடிக்கொண்டு வா, நான் பஸ்ஸிலை வாறன்" என்றாள். காரணம் எனக்குத் தெரியும். 1995 ஒக்ரோபர் 30 இரவு, மழைக்குள், அம்மம்மாவைக் கரியரில் இருத்தி, நாவற்குழிப் பாலம்வரை சனத்துக்குள்ளால் அவள் உருட்டிப் போனது ஒரு சைக்கிள். பிறகு சாவகச்சேரியில் அரிசிக்காக அதை விற்றார்கள். அதன்பின் அவள் சைக்கிளில் ஏறவேயில்லை. நான் வற்புறுத்தவில்லை.

கடைக்காரப் பொடியன் அவளைப் பார்த்து, "உங்களுக்குச் சைக்கிள் ஓடத் தெரியுமா?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். பெற்றோல் இல்லாத காலத்தில் விறகும் தண்ணியும் தம்பியுமாக ஓடித் திரிந்தவளிடம்! "எனக்கோ? சீற்றைப் பதிக்கச் சொல்லடி அவனை" என்றாள். எங்கள் பயணத்தில் நடந்த பெரிய விஷயம் அதுதான். மலைகள் இரண்டாம் பட்சம்.

ஆற்றோரமாகப் போகும் பாரூஸ் பாதையில் முதலில் தள்ளாடினாள். பிறகு வீதிக்கு ஏறினோம். கடைசித் தரிப்பிடம்வரை மெல்லிய ஏற்றம். எமரல்ட் குளங்களுக்குப் போகச் சைக்கிளைப் பூட்டிவிட்டு நடந்தோம். தலைக்குமேல் நீட்டி நிற்கும் பாறையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, அந்த வெயிலிலும்! மேலே இருப்பது மணற்கல், டைனோசர் காலத்து மணற்குன்றுகள் இறுகிக் கல்லானது. மழைநீர் அதற்குள் ஊறி இறங்கும். கீழுள்ள இறுக்கமான படையில் தட்டியதும் பக்கவாட்டில் கசியும். எங்கள் சுண்ணாம்புக்கல்லும் இப்படித்தானே நீரைக் குடித்துக் கிணறுகளுக்குக் கொடுக்கிறது? புவியியல் ரீச்சர் இங்கே இருந்தால் கவனிக்க: பாடம் மறக்கவில்லை.

சங்கிலியைப் பிடித்து ஏறும் ஏஞ்சல்ஸ் லாண்டிங் சிகரத்துக்கு 2022இலிருந்து முன்கூட்டியே அனுமதி எடுக்கவேண்டும். நாங்கள் எடுக்கவுமில்லை, அதற்காகக் கவலைப்படவுமில்லை.

வீதி முடியும் இடத்திலிருந்து ஒரு மைல் நடந்தால் நரோஸ் என்ற இடுக்கு தொடங்கும். அங்கே ஆறே பாதை, தண்ணீருக்குள் நடக்கவேண்டும். அன்று திடீர் வெள்ள எச்சரிக்கை போட்டிருந்தார்கள். வானமோ நல்ல நீலம். நிறையப் பேர் இறங்கிப் போனார்கள். "நாங்களும் கொஞ்சத் தூரம் போவமே?" என்று நான் கேட்டேன். "மழை இஞ்சை பெய்யவேண்டியதில்லை, மேலை எங்கையோ பெய்தால் காணும்" என்றாள் அவள். 2015 செப்ரெம்பரில் அதே பூங்காவின் இன்னொரு இடுக்கில் இறங்கிய ஏழு பேர் வெள்ளத்தில் இறந்திருக்கிறார்கள். அவள் எல்லாம் வாசித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். கரையில் ஒரு கல்லில் இருந்து கொண்டுபோன ரொட்டியையும் சம்பலையும் சாப்பிட்டோம். வெள்ளம் வரவில்லை. ஆனாலும் அவள் சொன்னதுதான் சரி.

திரும்பும்போது இறக்கம். அந்தி வெயிலில் சுவர்கள் செம்பாட்டு மண்ணின் நிறத்துக்கு வந்தன. அவள் எனக்கு முன்னால், பிரேக் பிடிக்காமல், கூந்தல் அவிழ்ந்து பறக்கப் போய்க்கொண்டிருந்தாள். "எடியே, மெதுவாய்!" என்று நான் கத்தியது கேட்டதோ தெரியாது. சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தப் பொடியனிடம், "ரயருக்குக் காற்றுக் காணாது" என்று ஒரு குறையும் சொல்லிவிட்டு வந்தாள்.

இப்போது அவளிடம் சொந்தச் சைக்கிள் இருக்கிறது. அடுத்த வருடம் எங்கே போவது என்று வாரத்துக்கு இரண்டு தரம் கேட்கிறாள். கூட வர விருப்பமுள்ளவர்கள் தேநீர் வேளையில் என்னிடம் பெயர் கொடுக்கலாம். வயது வரம்பு இல்லை. தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கட்டாயம்.