மணவீட்டுப் படமும் பிடிப்பவர் திறனும்

தாலி கட்டும் நேரம் நெருங்குகின்றது. கெட்டிமேளம் முழங்குகின்றது. ஓமப்புகை மணவறையைச் சூழ்கின்றது. மாமன்மாரும் மாமிமாரும் சிறுவர்களும் அறுகரிசியைக் கையிலேந்தி ஒருங்கே எழுந்து முன்னே நெருங்குகின்றனர். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் நடந்து முடிந்துவிடுகின்றன. அந்த ஒரு நிமிடத்தைத் தவறவிட்ட புகைப்படக்காரருக்கு அது மீண்டும் கிடைப்பதில்லை. தையற்காரர் தைத்த சட்டை பொருந்தாவிட்டால் பிரித்துத் தைக்கலாம். தச்சர் செய்த கதவு கோணினால் இழைத்துச் சீராக்கலாம். திருமணப் படம் பிடிப்பவருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே, இத்தொழிலில் இறங்குகின்றவர் தம்மிடம் என்ன திறன் இருக்கின்றது, எது இல்லை என்பதை முன்கூட்டியே அறிந்திருத்தல் இன்றியமையாதது.

ஒரு காலத்தில் கமரா வைத்திருப்பதே ஒரு தகுதியாக இருந்தது. ஊருக்கு ஒரு ஸ்ரூடியோ. அதன் உரிமையாளரே எல்லாத் திருமணங்களுக்கும் போவார். இன்று விருந்தினர் ஒவ்வொருவர் கையிலும் படம் பிடிக்கும் தொலைபேசி இருக்கின்றது. தாலி கட்டும் வேளையில் நூறு படங்கள் எடுக்கப்படுகின்றன. அப்படியிருந்தும் ஒரு குடும்பம் பணங் கொடுத்து ஒருவரை அழைக்கின்றதென்றால், அது கருவிக்குக் கொடுக்கும் பணமன்று. கருவியின் பின்னால் நிற்கும் மனிதருக்குக் கொடுக்கும் பணமே. அந்த மனிதர் மற்றவர்களைப் போலவே இருந்தால் விலையைக் குறைத்துப் போட்டியிடுவதைத் தவிர வேறு வழி அவருக்கு இல்லை. தமக்கே உரிய திறன் ஒன்றை உணர்ந்து, தொழில் முழுவதையும் அதன்மேல் அமைத்துக்கொண்டவரோ அந்தப் போட்டிக்கு வெளியே நிற்கின்றார்.

இதற்கு மூன்று எடுத்துக்காட்டுக்களைக் காணலாம்.

அமெரிக்காவில் டோனி பிரிசெல் என்னும் பெண்மணி இருந்தார். 'வோக்' என்னும் சஞ்சிகையில் படங்களுக்குக் குறிப்பெழுதும் வேலையில் இருந்த அவருக்கு எழுத்துப்பிழை ஒரு பெருங்குறையாயிற்று, அவ்வேலை நிலைக்கவில்லை. ஆனால் அவருக்குக் கண் இருந்தது. அலங்கார உடையணிந்த பெண்களை ஸ்ரூடியோ விளக்குகளின் கீழ் நிறுத்திப் படம் பிடிப்பதே வழக்கமாயிருந்த அக்காலத்தில், அவர்களைக் கடற்கரைக்கும் புல்வெளிக்கும் அழைத்துச் சென்று, வெயிலிலும் காற்றிலும் வைத்துப் படம் பிடித்துப் புகழ் பெற்றார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போர்க்களப் பகுதிகளிலும் படம் பிடித்தார். 1953 ஆம் ஆண்டு செப்டெம்பர் 12 ஆந் திகதி நியூபோர்ட் நகரிலே ஜோன் கென்னடிக்கும் ஜக்குலினுக்கும் திருமணம் நடந்தபோது, அவர் பிடித்த படங்களிலும் அதே திறந்த வெளியும் அதே இயல்பும் தெரிந்தன. ஸ்ரூடியோக்காரராகத் தம்மை மாற்றிக்கொள்ள அவர் முயலவில்லை. தமக்கு ஏற்ற ஒளியைத் தேடி வெளியே போனார்.

இரண்டாமவர் இங்கிலாந்தின் லிச்பீல்ட் பிரபு. பட்டாளத்திலே அதிகாரியாக இருந்தபின் புகைப்படத் தொழிலுக்கு வந்தவர். அரச குடும்பத்துக்கு உறவினர். 1981 ஆம் ஆண்டு யூலை 29 ஆந் திகதி இளவரசர் சாள்ஸ், டயானா திருமணத்தின்போது, அரண்மனையிலே மன்னர்களும் அரசிகளும் குழந்தைகளும் கூடி நின்ற பெருங் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது. நேரமோ மிகக் குறைவு. அவர் ஓர் ஊதுகுழலை எடுத்து ஊதினார். விளையாட்டு மைதானத்து நடுவர் போல அவர் ஊதியதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தனர். உறவினர் என்ற உரிமையும், பட்டாளத்திலே பழகிய கட்டளையும், சிரிக்கவைக்கும் சுபாவமும் அவருக்கு ஒருங்கே உதவின. வேறொருவர் அவ்வாறு ஊதியிருந்தால் அது துணிச்சலாக அன்றி அவமரியாதையாகவே கொள்ளப்பட்டிருக்கும்.

மூன்றாமவர் முற்றிலும் வேறுபட்டவர். அமெரிக்கரான டெனிஸ் றெஜி, எவரையும் நிறுத்தாமல், எவருக்கும் கட்டளையிடாமல், நிகழ்வதை நிகழ்ந்தவாறே படம் பிடிக்கும் முறையைத் திருமணங்களிலே பரப்பியவர். 1996 ஆம் ஆண்டு செப்டெம்பர் 21 ஆந் திகதி கம்பர்லன்ட் தீவில் உள்ள சிறிய மரத் தேவாலயம் ஒன்றில் இளைய ஜோன் கென்னடியின் திருமணம் வெளியுலகு அறியாவண்ணம் நடைபெற்றது. மங்கிய ஒளியிலே மணமக்கள் வெளியே வந்தபோது, மணமகன் குனிந்து மணமகளின் கையை முத்தமிட்டார். அக்கணத்தை றெஜியின் கமரா பிடித்தது. அப்படம் உலகெங்கும் பரவியது. குறுக்கே நில்லாத அமைதியும், இரகசியம் காக்கும் நம்பிக்கையுமே அங்கு அவருடைய மூலதனம்.

ஒருவர் ஊதுகுழல் ஊதி வென்றார். மற்றவர் மௌனமாயிருந்து வென்றார். இருவரும் இடம் மாறியிருந்தால் இருவருமே தோற்றிருக்கக்கூடும்.

இந்த உண்மை யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் கொழும்புக்கும் பொருந்தும். இங்குள்ள இளைஞர் பலர் வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து, அவற்றைப் போலவே செய்ய முயல்கின்றனர். அதற்கு முன், தாம் இதுவரை பிடித்த படங்களை ஒருநாள் இருந்து புரட்டிப் பார்த்தல் நன்று. எந்தப் படத்தை மணவீட்டார் பெருப்பித்துச் சுவரிலே மாட்டினர்? எந்தப் படத்தைப் பார்த்து ஒரு தாய் கண் கலங்கினார்? எந்த வேலை முடிந்தபின் களைப்புத் தெரியாமல் வீடு திரும்ப முடிந்தது? இக்கேள்விகளுக்குரிய விடைகளிலேயே அவரவர் திறன் ஒளிந்திருக்கின்றது.

ஒருவருக்குச் சடங்குகள் நன்கு தெரியும். கன்னிகாதானம் எப்போது, கூறை கொடுப்பது எப்போது, அம்மி மிதிப்பது எப்போது என்று ஐயர் சொல்லுமுன்பே அறிந்து, அவர் உரிய இடத்திலே போய் நிற்பார். இன்னொருவர் பெரியவர்களை "அப்பு, ஆச்சி" என்று அழைத்துக் கையைப் பிடித்து இருத்தி, மனங்கோணாமல் படம் பிடிப்பார். முஸ்லிம் திருமணங்களில் பெண்கள் தனியே கூடும் இடத்தில் ஆண் நுழையமுடியாது; அங்கே ஒரு பெண் புகைப்படக் கலைஞருக்குப் பெரும் தேவை உண்டு. தேவாலயத்திலோ பூசைக்கு இடையூறின்றி ஒதுங்கி நிற்கத் தெரிந்தவரையே குருவானவரும் விரும்புவார். கலையிலே நடுத்தரமானவராயினும், சொன்ன திகதியிலே அல்பத்தைக் கொண்டுவந்து கொடுக்கும் ஒழுங்குடையவரும் உண்டு. அதுவும் ஒரு திறனே. இத்திறன்களுள் எது தம்முடையதோ, அதை விரும்பும் குடும்பங்களைத் தேடிச் செல்வதே வியாபாரத்தின் முதற்படி.

இரண்டாவது படி, மறுக்கத் தெரிந்திருத்தல். நல்ல முகூர்த்தங்கள் ஒரு சில நாட்களிலேயே வந்து குவிகின்றன. ஒரே நாளில் மூன்று திருமணங்களை ஏற்றுக்கொண்டு, இரண்டுக்குப் பழக்கமில்லாத உதவியாளரை அனுப்புகின்றவர், தம்முடைய பெயரை நம்பி வந்த இரு குடும்பங்களை ஏமாற்றுகின்றார். அன்றைய வரவு கூடும். மறு வருடம் குறையும். தமக்கு ஒவ்வாத திருமணத்தை அதற்கேற்ற இன்னொருவரிடம் அனுப்புகின்றவருக்கோ, அந்த இன்னொருவரே பின்னர் வேலை அனுப்புவார்.

மூன்றாவது படி, தம்மிடம் இல்லாததை வேறொருவரிடமிருந்து பெறுதல். திறனைப் பேணுதல் என்பது கடமையைத் தட்டிக்கழிப்பதற்குச் சாட்டாகிவிடக்கூடாது. அமைதியான சுபாவம் உடையவர், கூட்டத்தை அழைத்து நிறுத்தக் கூச்சப்பட்டுக் குடும்பப் படத்தையே எடுக்காமல் விட்டுவிடலாம். அவருக்கு வேண்டியது உரத்த குரலும் உறவுமுறை அறியும் ஆற்றலும் உடைய ஓர் உதவியாளர். மணமகளின் சித்தப்பாவையோ மணமகனின் அக்காவையோ அன்றைக்குத் துணையாக்கிக்கொண்டாலும் போதும். யார் யார் படத்தில் இருக்கவேண்டும் என்ற பட்டியலை முதல்நாளே எழுதி வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அந்தப் பட்டியல் சிறிய காரியமன்று. இந்நாட்டிலே 1983 ஆம் ஆண்டிலும், 1995 ஆம் ஆண்டிலும், 2009 இல் போர் முடியும்வரையும் எத்தனையோ குடும்பங்கள் கையிலகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு வீடுகளை விட்டுப் போயின. அலுமாரியிலே இருந்த அல்பங்கள் வீடுகளோடு அழிந்தன. இறந்த தந்தையின் முகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட, உறவினர் ஒருவரின் திருமணக் கூட்டத்திலே பின்வரிசையில் நின்ற ஒரு சிறிய உருவத்தைத் தேடி எடுத்துப் பெருப்பித்த குடும்பங்கள் உண்டு. இன்றும் பிரிந்து வாழும் சகோதரர்கள் பலர், நாடு நாடாக இருந்து ஒன்றுகூடுவது ஒரு திருமணத்திலேதான். அன்று மணவறையை மாத்திரம் பிடித்து, மூலையிலே கதிரையில் இருந்த ஆச்சியை விட்டுவந்த படக்காரர், அழகிய படங்களைக் கொடுத்தும் அக்குடும்பத்துக்குக் கடன்பட்டவராகின்றார். பிடித்த படங்களை இரண்டு வெவ்வேறு இடங்களில் பிரதி செய்து பாதுகாப்பதும் அதே கடமையின் பகுதியாகும்.

கட்டணமும் இந்த அடிப்படையிலேயே அமையவேண்டும். அயலவர் எவ்வளவு வாங்குகின்றார் என்பதைப் பார்த்து விலை வைக்கின்றவர் அயலவரின் தொழிலையே நடத்துகின்றார். தம் நேரம், உதவியாளர் கூலி, அல்பச் செலவு, கருவித் தேய்மானம் ஆகியவற்றைக் கணக்கிட்டு, தாம் செய்வது எது, செய்யாதது எது என்பதை முற்பணம் வாங்கும் நாளிலேயே எழுதிக் கொடுக்கின்றவருக்குப் பிற்பாடு மனத்தாங்கல் வருவதில்லை.

திருமண ஆரவாரம் ஓய்ந்து, பந்தல் பிரிக்கப்பட்டு, மாலைகள் வாடியபின் அந்த வீட்டில் எஞ்சுவது அல்பம் ஒன்றே. இருபது ஆண்டுகளின் பின் அதைத் திறக்கும் பேரப்பிள்ளை, எந்தக் கமராவாற் பிடித்தது என்று கேட்கப்போவதில்லை, "இது யார்?" என்றே கேட்கும். அக்கேள்விக்கு விடை சொல்ல ஒரு முகத்தை அங்கே வைத்துவிட்டுப் போனவரே அத்தொழிலில் வெற்றி கண்டவர்.