முற்றுகைக்குள் வாங்கிய வயல்



திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் வயல் செய்கிறவர்களுக்கு நம்பிக்கையைப் பற்றி வெளியிலிருந்து ஒருவர் வந்து படிப்பிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு போகத்துக்கும் முன்பு பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். கமக்காரர்கள் வருவார்கள், நீர்ப்பாசனத் திணைக்களத்தார் வருவார்கள். குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, எவ்வளவு காணி விதைக்கலாம், எந்தத் தேதியில் தண்ணீர் திறப்பது என்று பேசுவார்கள். சில வேளை சத்தம் போட்டும் பேசுவார்கள். கடைசியில் ஒரு தேதி முடிவாகும். அந்தத் தேதியை நம்பி ஒருவர் கடன்பட்டு விதைநெல் வாங்குகிறார், உழவு இயந்திரத்துக்குக் காசு கொடுக்கிறார். தண்ணீர் இன்னும் வாய்க்காலுக்கு வரவில்லை. வரும் என்று சொன்ன சொல் மட்டும்தான் கையில் இருக்கிறது.

அந்தத் தண்ணீர் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர். ஏழாம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டிய குளம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். குளக்கோட்டன் என்ற மன்னன் கட்டியது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். யார் கட்டியிருந்தாலும் ஆயிரம் ஆண்டு கடந்த குளம். 1986 ஏப்ரல் 20ஆம் தேதி அதிகாலையில் அதன் கட்டு உடைந்தது. சித்திரைப் புத்தாண்டு கழிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நித்திரையிலிருந்து எழும்பாமலே போனார்கள். வீடுகள் போயின, வயல்கள் மணலும் சேறுமாகின. பிறகு கட்டைத் திருத்திக் கட்டினார்கள், திரும்பவும் தண்ணீர் வந்தது. ஆனால் அந்த இரவை அறிந்த தலைமுறையிடம் போய், கடவுளை நம்பினால் ஒன்றும் உடையாது என்று யாரும் லேசாகச் சொல்லிவிட முடியாது.

நான் இன்றைக்குப் பேச வந்தது கடவுள் மனிதரோடு செய்துகொண்ட உடன்படிக்கையைப் பற்றி. மெதடிஸ்த ஆலயங்களில் ஆண்டின் தொடக்கத்தில் உடன்படிக்கை ஆராதனை என்று ஒன்று நடக்கும். அதற்குப் போகிறவர்களுக்கும், அது என்ன என்று கேட்கிற இந்து, முஸ்லிம், பௌத்த அயலவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வேதாகமத்தின் முதல் நூலில் ஒரு விசித்திரமான இரவு வருகிறது. ஆதியாகமம் 15ஆம் அதிகாரம். ஆபிரகாமுக்கு அப்போது பிள்ளை இல்லை, வயது போய்விட்டது. உன் சந்ததி வானத்து நட்சத்திரங்களைப்போல இருக்கும் என்று கடவுள் வாக்களிக்கிறார். இந்த நாட்டை உனக்குத் தருவேன் என்றும் சொல்கிறார். அதை எப்படி நிச்சயமாக அறிவது என்று ஆபிரகாம் கேட்கிறார். நியாயமான கேள்விதான். கடவுள் கோபப்படவில்லை. மிருகங்களைக் கொண்டுவரச் சொல்கிறார். அந்தக் காலத்தில், அந்த நாடுகளில், ஒப்பந்தம் செய்கிறவர்கள் மிருகங்களை இரண்டாகப் பிளந்து எதிரெதிரே வைத்து நடுவே நடந்து போவார்கள். சொன்ன சொல் தவறினால் எனக்கும் இந்தக் கதி வரட்டும் என்பது அதன் பொருள். தீர்க்கதரிசி எரேமியாவின் நூலிலும் இந்த வழக்கம் பேசப்படுகிறது.

நியாயப்படி இரண்டு தரப்பும் நடக்க வேண்டும். ஆனால் ஆபிரகாம் அயர்ந்து நித்திரையாகிவிடுகிறார். இருட்டின பிறகு புகைகிற சூளையும் எரிகிற பந்தமுமாய் ஒரு நெருப்பு மட்டும் அந்தத் துண்டுகளின் நடுவே கடந்து போகிறது. கடவுள் தனியாக நடந்தார். முறித்தால் வரும் சாபத்தைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டார். ஆபிரகாமின் காலடி அங்கே படவேயில்லை. சிலுவையில் என்ன நடந்தது என்று கிறிஸ்தவர்கள் விளக்க முயலும்போதெல்லாம் அந்த இரவுக்குத்தான் திரும்பிப் போகிறோம்.

இன்னொன்றும் அங்கே இருக்கிறது. அதைப் பிரசங்கங்களில் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவார்கள். அதே இரவில், அதே வாக்குறுதிக்குள்ளேயே, உன் சந்ததியார் அந்நிய தேசத்தில் அடிமைப்பட்டு 400 ஆண்டுகள் துன்பப்படுவார்கள் என்றும் ஆபிரகாமுக்குச் சொல்லப்படுகிறது. துன்பம் வந்தபோது உடன்படிக்கை தவறிப்போகவில்லை. துன்பம் வரும் என்பது அதில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது.

காணிக்கை போடு, கடவுள் இரட்டிப்பாய்த் தருவார் என்று மேடை போட்டுப் பேசுகிறவர்களைக் கேட்கும்போது எனக்கு இந்த 400 ஆண்டுகள்தான் நினைவுக்கு வரும். அவர்கள் விற்பது காப்புறுதி. மாதக் கட்டணம் ஒழுங்காய்க் கட்டினால் நட்டஈடு வரும், கட்டத் தவறினால் வராது. மகனைக் காணாமல் ஆண்டுக்கணக்காய் அலைகிற ஒரு தாயிடம் அந்தக் கணக்கைச் சொன்னால், அவள் எந்த மாதத்துக் கட்டணம் தவறினாள் என்றல்லவா யோசிக்கத் தொடங்குவாள்? அதைவிடக் கொடுமை வேறென்ன இருக்கிறது?

தம்பலகாமத்தைப் பற்றிப் பேசுகிற ஒரு கிறிஸ்தவர் வேறொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1620களின் முற்பகுதியில் திருகோணமலைக் கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தார்கள். கொன்ஸ்தந்தீனு த சா என்ற தளபதியின் காலம் அது. இடித்த கல்லைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினார்கள். கையில் சிலுவைதான் வைத்திருந்தார்கள். பக்தர்கள் ஒளித்துக் காப்பாற்றிய திருவுருவங்கள் பிறகு தம்பலகாமத்துக்கு வந்து சேர்ந்தன என்பது இங்குள்ள மரபு. ஆதிகோணநாயகர் கோயில் அப்படித்தான் எழுந்தது. கோணேசர் கோயிலின் வரலாற்றைச் சொல்லும் கோணேசர் கல்வெட்டு என்ற நூலைக் கவிராசவரோதயன் பாடினார். குளக்கோட்டன் காணி கொடுத்து, குடிகளை வருவித்து, தானத்தார், வரிப்பத்தார் என்று வகுத்து, இன்னார் இன்ன தொண்டு செய்ய வேண்டும் என்று ஏற்படுத்திய செய்தி அதில் விரிவாக வருகிறது. காணி உனக்கு, கடமை உன் பரம்பரைக்கு. இடிப்பும் போரும் இடப்பெயர்வும் வந்தும், என்றைக்கோ கொடுத்த சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்களாய்த் தொண்டு செய்யும் குடும்பங்களை அயலில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு உடன்படிக்கை என்றால் என்ன என்று விளக்க அதிக நேரம் எடுக்காது.

இதைச் சொல்வது மரியாதைக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். கடவுள் உண்மையுள்ளவர் என்பதற்குத் திருச்சபையின் நடத்தையைச் சாட்சியாய்க் கொண்டுவர முடியாது என்பதற்காகவும் சொல்கிறேன். வேதாகமம் தன் சொந்த மக்களைப் பற்றியே அப்படித்தான் எழுதுகிறது. அவர்கள் உடன்படிக்கையை முறித்தார்கள், ஏழையை விற்றார்கள், விதவையின் வழக்கைப் புரட்டினார்கள். தீர்க்கதரிசிகள் அதை ஒளிக்காமல் எழுதிவைத்தார்கள். தனியாக நடந்த ஒருவரின் சொல்தான் மிச்சம்.

அப்படியானால் எங்கள் பக்கத்தில் ஒன்றும் இல்லையா? இருக்கிறது. 1755 ஆகஸ்ட் 11ஆம் தேதி இலண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்ற இடத்து ஆலயத்தில் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி சுமார் 1800 பேரை எழுந்து நிற்கச் செய்து, கடவுளோடுள்ள உடன்படிக்கையைப் புதுப்பிக்கச் சொன்னார். ரிச்சர்ட் அலைன் என்ற பழைய பியூரிட்டன் போதகரின் நூலிலிருந்து எடுத்த முறை அது. அந்த ஆராதனையின் முக்கிய ஜெபத்தைக் கவனித்துக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதில் எனக்கு இதைத் தா என்ற வேண்டுதலே இல்லை. என்னை வேலைக்கு வைத்தாலும் சரி, ஒதுக்கி வைத்தாலும் சரி, கை நிறைந்தாலும் வெறுங்கையானாலும் சரி, நான் உம்முடையவன் என்பதுதான் அதன் சாரம். ஓய்வூதியம் எடுத்து வீட்டிலிருப்பவர்களும், படுக்கையில் கிடப்பவர்களும் அந்த இடத்தில் குரல் தடுமாறுவதில் ஆச்சரியமில்லை. ஒதுக்கி வைக்கப்படுவது அவர்களுக்கு வெறும் வார்த்தையல்லவே.

இந்த ஜெபத்தை இலங்கைக்குக் கொண்டுவந்தவர்களும் அதன் விலையைக் கொடுத்தார்கள். 1814இல் முதல் மெதடிஸ்த மிஷனரிமார் கப்பலில் வரும்போது அவர்களுடைய தலைவர் தோமஸ் கோக் வழியிலேயே இறந்துபோனார், கடலில் அடக்கம் செய்தார்கள். மட்டக்களப்புக்கு வந்த வில்லியம் ஓல்ட் ஓராண்டு நிறையுமுன் மரித்தார். இருவருடைய ஊழியத்தையும் கணக்கெழுதிப் பார்த்தால் நட்டம் என்றுதான் வரும்.

இனி எரேமியாவிடம் வருகிறேன். கி.மு. 587 அளவில், யூதாவின் அரசன் சிதேக்கியாவின் பத்தாம் ஆண்டு. பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி வளைத்து நிற்கிறது. நகரம் விழும் என்று சொன்ன குற்றத்துக்காக எரேமியா காவலில் இருக்கிறார். அந்த நேரம் பார்த்து, அவருடைய தகப்பனின் சகோதரன் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் வயலை நீ வாங்கு, மீட்கிற உரிமை உனக்குத்தான் இருக்கிறது என்கிறார். ஆனதோத் எருசலேமிலிருந்து நடந்து போகக்கூடிய தூரம். வெளியே எதிரிப் படை நிற்கும்போது அந்த வயலுக்கு என்ன விலை? விற்க வந்தவருக்கு மூளை இருந்தது என்றுதான் எவரும் சொல்வார்கள்.

எரேமியா வாங்கினார். 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். உறுதி எழுதி, சாட்சிகளைக் கையெழுத்திடச் செய்தார். முத்திரை போட்டது ஒன்று, திறந்த பிரதி ஒன்று. நெடுங்காலம் இருக்கும்படி இரண்டையும் மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லி தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்தார். இந்த நாட்டில் வீடுகளும் வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் திரும்பவும் வாங்கப்படும் என்று கடவுள் சொல்லியிருந்தார், அவ்வளவுதான் ஆதாரம்.

திருகோணமலை மாவட்டத்தில் 1985இலும் 1990இலும் போரால் வீட்டை விட்டு ஓடியவர்களுக்கு இந்தக் கதையில் விளக்கவுரை வேண்டாம். எதை எடுத்தார்கள்? நகை இருந்தால் நகை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி. தமிழ்நாட்டு மண்டபம் அகதி முகாம் வரைக்கும் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு போன உறுதிகள் இருந்தன. காடு மண்டிக் கிடந்த வயலின் உறுதியை எதற்குச் சுமக்கிறாய் என்று கேட்டால் அவர்களிடம் பதில் இருந்திருக்காது. எரேமியாவிடமும் இருக்கவில்லை. கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு அவர் ஜெபத்தில் கடவுளிடம் முறையிடுகிறார்: நகரம் எதிரியின் கையில் போகப்போகிறது, நீரோ வயலை வாங்கு என்கிறீர், இது என்ன? விளங்கிக்கொண்டு வாங்கவில்லை. வாங்கிவிட்டுத்தான் கேட்டார்.

அந்த வயலில் எரேமியா ஒரு கதிரும் அறுக்கவில்லை. நகரம் விழுந்தது, ஆலயம் எரிந்தது. மிஞ்சியவர்கள் அவருடைய சொல்லைக் கேளாமல் அவரையும் எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் ஊர் திரும்பியதாக வேதாகமம் எங்கும் சொல்லவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழிந்தன. பாரசீக அரசன் கோரேஸ் அனுமதி கொடுத்த பிறகு யூதாவுக்குத் திரும்பியவர்களின் பட்டியல் எஸ்றாவின் நூலில் இருக்கிறது. ஊர் ஊராய், குடும்பம் குடும்பமாய், வெறும் பேர்களும் எண்களும் நிறைந்த அதிகாரம். யாரும் விரும்பி வாசிப்பதில்லை. அந்த நூலின் இரண்டாம் அதிகாரம் 23ஆம் வசனத்தில் ஆனதோத் ஊரார் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று எழுதியிருக்கிறது. 128 பேர்.