வாட்ஸைப் பார்த்து வாங்காதீர்கள்

குறைந்த செலவில், வீட்டில் நல்ல இசை கேட்க ஸ்பீக்கர் வாங்க நினைக்கிறவர்களுக்கு இன்று ஒரு தகவல்.

அட்டைப்பெட்டியில் ‘5,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை நம்ப வேண்டாம். பி.எம்.பி.ஓ.வுக்கு முறையான அளவுகோல் எதுவும் கிடையாது. ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேளுங்கள். தொடர்ந்து கிடைக்கும் சக்தியைச் சொல்வது அதுதான்.

அடுத்தது ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி. ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்கிற கணக்கு அது. 87 டெசிபல் ஸ்பீக்கர் தரும் சத்தத்தை, 90 டெசிபல் ஸ்பீக்கர் பாதி வாட்டிலேயே தந்துவிடும். அப்படிப்பட்ட ஸ்பீக்கர் இருந்தால், சாதாரண ஹாலுக்கு 20, 30 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயரே தாராளம். ஓம்ஸ் என்கிற மின்மறுப்பு அளவையும் பாருங்கள். ஆம்ப்ளிஃபயர் 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு மட்டும் என்றால், 4 ஓம்ஸ் ஸ்பீக்கரை இணைக்காதீர்கள், ஆம்ப்ளிஃபயர் சூடேறிக் கெட்டுவிடக்கூடும்.

கடைக்குப் போகும்போது, உங்களுக்கு மனப்பாடமான பாட்டு ஒன்றைக் கொண்டுபோங்கள். மிருதங்கத்தின் வலந்தலையும் தொப்பியும் தனித்தனியாகக் கேட்கிறதா, பாடுகிறவரின் குரல் தெளிவாக இருக்கிறதா என்று கவனியுங்கள். ஒப்பிடும்போது இரண்டு ஸ்பீக்கரையும் ஒரே சத்தத்தில் வையுங்கள். சத்தம் கூடினாலே நன்றாக இருப்பதுபோல் தோன்றும்.

வீட்டில் ஸ்பீக்கரை மூலையில் ஒட்டி வைத்தால் பேஸ் குழம்பும். சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, கீச்சு ஒலிகளைத் தரும் சின்ன ட்வீட்டர் காது உயரத்துக்கு வரும்படி வையுங்கள். இதற்குச் செலவே இல்லை.

விளம்பரத்தை நம்பாதீர்கள், உங்கள் காதை நம்பி வாங்குங்கள்.