மூணு வருஷம், மூணு ஆல்பம்: 'சக்தி' பேண்டின் கதை

பிரிட்டிஷ் ப்ளூஸ், ஜாஸ் ராக் பேண்டுகள்ல பாதி மூணு நாலு வருஷத்துக்கு மேல தாங்கினதில்ல. இன்னைக்கு அப்படி ஒரு குட்டி ஆயுசு பேண்ட் பத்திதான் பேசப் போறோம். ஒரே வித்தியாசம், இதுல கிடார் வாசிச்சவர் மட்டும்தான் பிரிட்டிஷ்காரர். மத்தவங்க நம்ம ஆளுங்க.

ஜான் மெக்லாஃப்லின், 1942-ல இங்கிலாந்து யார்க்‌ஷயர்ல பிறந்தவர். லண்டன்ல கிரஹாம் பாண்டோட ப்ளூஸும் ஜாஸும் வாசிச்சு வளர்ந்து, 1969-ல அமெரிக்கா போய் மைல்ஸ் டேவிஸ் ரெக்கார்டுகள்ல வாசிச்சார். 1971-ல மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா ஆரம்பிச்சார். எலெக்ட்ரிக் கிடார், காது கிழியுற சத்தம், செம ஹிட். அந்த முதல் செட் 1973 கடைசியிலயே உடைஞ்சு போச்சு.

அதுக்குள்ள அவர் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துல டாக்டர் எஸ். ராமநாதன்கிட்ட வீணை கத்துக்க ஆரம்பிச்சிருந்தார். அங்கதான் வயலின் எல். சங்கர். மிருதங்கம் சொல்லிக் கொடுத்துட்டு இருந்த ராம்நாட் ராகவனும் அங்கதான். அந்தப் பேரைக் கவனிங்க. 1985-ல பிரிக்கிற வரைக்கும் விருதுநகர், சிவகாசி எல்லாமே ராமநாதபுரம் மாவட்டம். அதனால அந்தப் பேர்ல எனக்கும் கொஞ்சம் பங்கு இருக்குன்னு உரிமையா சொல்லிக்கிறேன்! தபலாவுக்கு ஜாகீர் உசேன், கடத்துக்கு சென்னையிலிருந்து விக்கு விநாயக்ராம். அஞ்சு பேர், எல்லாரும் தரையில சம்மணம் போட்டு உக்காந்து வாசிச்சாங்க.

மெக்லாஃப்லினோட கிடார் பத்தி கட்டாயம் சொல்லணும். வீணையில மெட்டுக்கு நடுவுல தந்திக்குக் கீழ காலி இடம் இருக்கும். அழுத்தி இழுத்தா கமகம் வரும். சாதாரண கிடார்ல கீழ மரம் தடுத்துடும். அதனால ஃப்ரெட்டுக்கு நடுவுல இருக்கிற மரத்தைக் குழிவா செதுக்கி, குறுக்கால ஏழு கம்பியை சுருதிக்காகப் போட்டு, தனியா ஒரு அக்கூஸ்டிக் கிடார் செஞ்சாங்க. ராகத்துக்காக ஹார்டுவேரையே மாத்தின ஆளு. ஒரு இன்ஜினியரா எனக்கு இந்த பேண்ட் பிடிக்க இதுவே போதும்.

முதல் ஆல்பம் ஸ்டூடியோவுல பண்ணல. 1975 ஜூலை 5, நியூயார்க் லாங் ஐலண்ட்ல இருக்கிற சவுத்தாம்ப்டன் கல்லூரியில நடந்த கச்சேரி அது. மொத்தம் மூணே பாட்டு. 'ஜாய்' 18 நிமிஷம். கடைசிப் பாட்டு 29 நிமிஷம். ஆல்பத்தோட பேர் 'சக்தி வித் ஜான் மெக்லாஃப்லின்'. அந்த 'வித்'தைப் பாருங்க. சக்தின்னு மட்டும் போட்டா கடையில யார் எடுப்பாங்க?

அந்த ஆல்பத்தோட ராகவன் விலகிட்டார். இங்கதான் எனக்கு சுவாரசியம் ஆரம்பிக்குது. நம்ம கச்சேரியில கடம் எங்க உக்காரும்? பாடுறவர், வயலின், மிருதங்கம், அப்புறம்தான் கடம். உபபக்கவாத்தியம்னே பேரு. மிருதங்கக்காரர் கிளம்பினதும் கர்நாடக தாளம் மொத்தமும் விக்கு தலையில. கடம், மிருதங்கம், மூணாவது ஆல்பத்துல கஞ்சிரா, மோர்சிங் வரைக்கும் ஒரே ஆள். அந்தப் பக்கம் தபலா, இந்தப் பக்கம் கடம், ரெண்டும் சமமா மோதுது. விருதுநகர்ல ரயில் ஏறினா அருப்புக்கோட்டை தாண்டி வர்ற மானாமதுரை, கடத்துக்குப் பேர்போன ஊர். ஆனா நம்ம பக்கத்துப் பசங்க எத்தனை பேர் கடத்தை முன்வரிசையில பார்த்திருப்பாங்க?

சரி, ஏன் நின்னு போச்சு? மகாவிஷ்ணு மாதிரி ரெக்கார்டு விக்கல. மூணாவது ஆல்பம் 'நேச்சுரல் எலிமெண்ட்ஸ்', 1977. எட்டு பாட்டு, இருக்கிறதிலேயே பெருசு ஏழு நிமிஷம்தான். 29 நிமிஷம் வாசிச்ச ஆளுங்க ரெண்டு நிமிஷத்துல ஒரு பாட்டை முடிக்கிறாங்க. நல்ல ஆல்பம்தான், ஆனா யாரோ பின்னாடி வாட்ச்சைப் பார்த்துட்டே நிக்கிற மாதிரி எனக்குக் கேக்குது. 1978-ல பேண்ட் கலைஞ்சுது. அதே வருஷம் மெக்லாஃப்லின் போட்ட ஆல்பத்தோட பேர் 'எலெக்ட்ரிக் கிடாரிஸ்ட்'. இதுக்கு மேல விளக்கம் வேணுமா?

கலைஞ்சாலும் முடியல. 1997-ல 'ரிமெம்பர் சக்தி'ன்னு திரும்ப வந்தாங்க. கொஞ்ச நாள்ல கடத்துக்குப் பதிலா விக்குவோட மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோட உக்காந்தார். 'வெண்ணிலா கபடிகுழு' மியூசிக் டைரக்டர்தான், அதே செல்வகணேஷ்! மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வந்தார், சங்கர் மகாதேவன் வந்தார். 2024 பிப்ரவரியில 'திஸ் மொமெண்ட்' ஆல்பத்துக்கு கிராமி கிடைச்சுது. அதே வருஷம் டிசம்பர்ல ஜாகீர் உசேன் போய்ட்டார்.

எனக்கு ஒரு மனக்குறை இருக்கு. 'ஜாய்' மாதிரி பாட்டுகளை மெக்லாஃப்லினோட சேர்ந்து எழுதினது எல். சங்கர். யாழ்ப்பாணத்துல இசை சொல்லிக் கொடுத்த வி. லட்சுமிநாராயணாவோட மகன், எல். சுப்ரமணியத்தோட தம்பி. திரும்ப வந்த பேண்டுல அவர் இல்ல. கிராமி நியூஸ் வந்தப்போ நம்ம டைம்லைன் முழுக்க சங்கர், சங்கர்னு ஓடுச்சே, அது சங்கர் மகாதேவன். அந்தப் பேர்ல இன்னொருத்தர் 1975-லயே இந்த பேண்டுல இருந்தார்னு யாரும் சொல்லல.

'ஜாய்' ஆரம்பத்துல வயலினும் கிடாரும் ஒரே ஆள் வாசிக்கிற மாதிரி ஒண்ணா ஓடும். ஹெட்ஃபோன் மாட்டிக் கேளுங்க, ஸ்பீக்கர்ல கடம் அமுங்கிடும்.