பிடித்த வரியைத் திரும்பக் கேட்போம்!

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு வருமான வரி பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் பின்வரிசையில் சில அக்காமார்கள் சிரிக்கிறீங்க. "நாம என்ன மில் முதலாளியா? நமக்கும் இன்கம் டாக்ஸுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கு. நம் பிள்ளைகள் இரண்டு வருஷம், மூன்று வருஷம் வேலை பார்க்கிறார்கள். பிறகு மேலே படிக்க வேண்டும் என்று வேலையை விடுகிறார்கள். அப்படி விடும்போது, அவர்கள் கட்டவே தேவையில்லாத வரி அரசாங்கத்திடம் போய் உட்கார்ந்திருக்கிறது. அது நம்ம பணம். ஆனால் கேட்டால்தான் வரும். கேட்காவிட்டால் வராது.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு உறுப்பினரின் மகள் ஒரு தனியார் நிறுவனத்தில் மாதம் 24,000 ரூபாய்க்கு வேலை பார்த்தாள் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டரில் ஊழியர் என்று போடாமல் 'கன்சல்டன்ட்' என்று போட்டிருந்தார்கள். அப்படிப் போட்டால் அது சம்பளம் ஆகாது, தொழில்முறைக் கட்டணம் ஆகிவிடும். ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் மாதம் 2,400 ரூபாய் பிடித்துக்கொண்டு, கையில் 21,600 கொடுத்தார்கள். 2025 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து மாதம் வேலை. செப்டம்பரில் பி.எட். சேர்ந்துவிட்டாள்.

பிடித்த வரி 12,000 ரூபாய். அந்த நிதியாண்டில் அவளுடைய மொத்த வருமானம் 1,20,000 ரூபாய்தான். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறைப்படி 4 லட்சம் வரை வரியே கிடையாது. ஆக, அந்த 12,000 ரூபாயும் திரும்பி வரவேண்டிய பணம்.

இதைத் தெரியாமல் அம்மா என்ன செய்கிறாள்? கல்லூரிக் கட்டணத்துக்கு 12,000 ரூபாய் குறைகிறது என்று குழுவில் உள்கடன் கேட்கிறாள். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலும் மாதம் 120, வருஷம் 1,440 ரூபாய். சொந்தப் பணம் ஒரு பக்கம் சும்மா கிடக்க, இன்னொரு பக்கம் வட்டி கட்டுகிறோம். குழு இல்லாத வீடு என்றால் கந்துவட்டிதான். இல்லையென்றால் "இந்த வருஷம் படிப்பு வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று பெண்பிள்ளையின் படிப்பை நிறுத்திவிடுகிறோம்.

அடுத்து, மில்லுக்குப் போன பிள்ளைகள். மூன்று வருஷம் வேலை பார்த்து, பி.எஃப். பணம் 70,000 சேர்ந்திருக்கிறது. நர்சிங் படிக்கப் போகிறாள், பணத்தை எடுக்கிறாள். ஐந்து வருஷ சர்வீஸ் முடியாமல் 50,000 அல்லது அதற்கு மேல் எடுத்தால் 10 சதவீதம் வரி பிடிப்பார்கள். 7,000 ரூபாய் போச்சு. பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம், அதாவது 14,000! வருஷ வருமானம் வரி வரம்புக்குள் இருப்பவர்கள், "எனக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை" என்ற உறுதிமொழிப் படிவத்தைப் பான் எண்ணோடு முன்கூட்டியே கொடுத்தால் பிடிக்கவே மாட்டார்கள். இத்தனை வருஷமாக இதை 15ஜி என்று சொன்னோம். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் பொருந்துவதால் படிவ எண்கள் மாறுகின்றன. அதனால் எண்ணை மனப்பாடம் செய்யாமல், என்ன படிவம் என்று விவரம் சொல்லிக் கேளுங்கள். ஒன்று ஞாபகம் இருக்கட்டும். இந்த உறுதிமொழி பி.எஃப். பணத்துக்கும் வங்கி வட்டிக்கும் உதவும். கன்சல்டன்ட் கட்டணத்துக்கு உதவாது.

பெரிய சம்பளம் வாங்கும் பிள்ளைகளுக்கும் இது உண்டு. பன்னிரண்டு மாதமும் வேலை பார்ப்பார் என்று கணக்குப் போட்டுத்தான் கம்பெனி மாதாமாதம் வரி பிடிக்கிறது. பாதியில் படிக்கப் போய்விட்டால் வருஷ வருமானம் குறைந்துவிடும். பிடித்தது அதிகமாகிவிடும்.

சரி, எப்படித் திரும்ப வாங்குவது?

முதலில், பான் எண்ணும் ஆதாரும் இணைந்திருக்க வேண்டும். இணையாமல் பான் செயலிழந்து கிடந்தால் பணம் வராது.

இரண்டாவது, பிடித்த வரி பிள்ளையின் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வருமான வரித்துறை இணையதளத்தில் 26ஏஎஸ் என்ற கணக்கு இருக்கிறது. நமக்கு பாஸ்புக் மாதிரி. அதில் இல்லையென்றால், பிடித்த நிறுவனத்திடம்தான் கேட்டுச் சரிசெய்ய வேண்டும். வரி பிடித்ததற்கான சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். வேலையை விட்டுவிட்டாலும் அதைக் கொடுப்பது அவர்கள் கடமை.

மூன்றாவது, பிள்ளையின் பெயரிலேயே வங்கிக் கணக்கு வேண்டும். அம்மா கணக்கு, குழுக் கணக்கு செல்லாது. அந்தக் கணக்கை இணையதளத்தில் பதிந்து உறுதிசெய்ய வேண்டும்.

நான்காவது, வருமான வரிக் கணக்கு, அதாவது ரிட்டர்ன், தாக்கல் செய்ய வேண்டும். சம்பளத்துக்கு ஒரு படிவம், கன்சல்டன்ட் கட்டணத்துக்கு வேறு படிவம். விவரம் தெரிந்தவரிடம் கேட்டுப் போடுங்கள். ஜூலை 31-க்குள் என்று வைத்துக்கொண்டால் எதற்கும் தாமதமாகாது. தவறினால் டிசம்பர் 31 வரை போடலாம். அரசு இணையதளத்தில் போடுவதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

ஐந்தாவது, போட்ட 30 நாளுக்குள் சரிபார்ப்பு முடிக்க வேண்டும். ஆதாரோடு இணைந்த செல்போனுக்கு ஓடிபி வரும். இதை விட்டுவிட்டால் ரிட்டர்ன் போட்டும் போடாத மாதிரிதான். முடித்துவிட்டால் பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும். விதிப்படி மாதத்துக்கு அரை சதவீத வட்டியும் உண்டு.

பழைய வருஷத்துப் பணம் என்றாலும் கைவிட வேண்டாம். தாமதத்துக்குக் காரணம் சொல்லி, வருமான வரித்துறை உயர் அதிகாரிக்கு மனு கொடுக்கலாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். 2022-23-இல் பிடித்த வரிக்கு 2029 மார்ச் 31 வரை நேரம் இருக்கிறது. மனு ஏற்கப்பட்டால் அசல் வரும், வட்டி வராது.

"ரிட்டர்ன் போட்டால் நாம வசதியானவங்கன்னு கணக்குல வந்துடாதா?" என்று ஒரு பயம் இருக்கிறது. வரி பிடித்ததாலேயே அந்த வருமானம் பிள்ளையின் பான் எண்ணில் ஏறிவிடுகிறது. ரிட்டர்ன் போட்டால்தான், வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை என்பதும் பதிவாகும்.

கவனமாக இருக்க வேண்டியதும் உண்டு. "பொய்ச் செலவு காட்டி இன்னும் அதிகமா வாங்கித் தரேன், பாதி எனக்கு" என்று சொல்லும் ஏஜென்டிடம் போகாதீர்கள். பிடிபட்டால் அபராதம் பிள்ளையின் தலையில்தான் விழும். பாஸ்வேர்டு பிள்ளையிடமே இருக்கட்டும். "உங்கள் ரீஃபண்ட் தயார், இந்த லிங்கைத் தொடுங்கள்" என்று செல்லுக்கு வரும் செய்தியை நம்பி ஏடிஎம் பின் நம்பரையோ ஓடிபியையோ யாருக்கும் சொல்லாதீர்கள்.

சகோதரிகளே, ஐந்து ரூபாய் சந்தா விட்டுப்போனாலும் கண்டுபிடித்துக் கணக்கை நேர் செய்கிறவர்கள் நாம். பிள்ளைகள் உழைத்த 12,000 ரூபாயை விட்டுவிடலாமா? அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: "கடந்த ஐந்து வருஷத்தில் யார் வீட்டுப் பிள்ளை வேலையை விட்டுப் படிக்கப் போனது?" பெயர்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அந்தப் பிள்ளைகளை 26ஏஎஸ் கணக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். பணம் இருந்தால் இந்த வருஷமே கேட்டு வாங்குவோம்.