வாசித்த பின்னரே எழுதுக



வன்னியிலே ‘சில்லு’ என்றால் வண்டிச் சில்லே எவர்க்கும் நினைவுக்கு வரும். இக்காலத்துக் கணினி நூல்களிலோ அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. பருப்பளவான கரிய துண்டு. இரு பக்கமும் நந்நான்கு கால்கள். அதன் பெயரும் சில்லுதான். வண்டியின் நான்கு சில்லும் நன்றாயிருந்தும், இந்தச் சிறு சில்லுப் பிழைத்தால் கார் நகர மறுத்துவிடும்.

2018ஆம் ஆண்டு மார்கழியிற் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை வெள்ளம் சூழ்ந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அதன் பின் ஒருநாள், ஏ-9 வீதியோரம் கராஜ் நடத்தும் என் பழைய மாணவன் ஒருவனிடம் போயிருந்தேன். வெள்ளத்தில் நின்ற ஒரு காரின் யந்திரத்தை ஆளும் பெட்டி பழுதாகியிருந்தது. ‘ஈ.சி.யூ.’ என்பர் கராஜ்காரர். அதே வகைப் பழைய பெட்டி ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்துப் பூட்டியிருந்தான். யந்திரம் ஒரு கணம் முழங்கிற்று, உடனே ஓய்ந்தது.

காரணம் யாது? களவைத் தடுக்கும் பொருட்டு, திறப்பில் உள்ள இரகசியக் குறியீடும் பெட்டியின் ஞாபகத்தில் உள்ள குறிப்பும் பொருந்துதல் வேண்டும். வந்த பெட்டியோ தன் பழைய காரையே நினைத்துக்கொண்டிருந்தது!

மாணவன் பழுதான பெட்டியைத் திறந்து, அதன் ஞாபகச் சில்லைக் கவ்வியாற் பிடித்து, சிறு கருவியொன்றின் வழியாகக் கணினியுடன் இணைத்தான். அச்சில்லில் 256 அறைகள். ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரையில் ஓர் எண். நம் நெடுங்கணக்கின் 247 எழுத்துக்களைவிடச் சற்றே அதிகம்.

உடனே எழுதத் தொடங்குவான் என எண்ணினேன். அவனோ இருமுறை வாசித்தான். இரண்டும் ஒத்துவரவில்லை.

“பெட்டியில இருக்கிற மற்றப் பாகங்கள் குழப்புது, சேர். கழற்றித்தான் வாசிக்கவேணும்” என்றான்.

ஈயத்தை உருக்கிச் சில்லைக் கழற்றி மீண்டும் மும்முறை வாசித்தான். மூன்றும் ஒன்றாயின. அப்பிரதியைப் பத்திரப்படுத்தினான். வந்த பெட்டியின் சில்லையும் வாசித்துப் பிரதி வைத்தான். அதன் பின்னரே எழுதினான். எழுதியதையும் வாசித்து ஒப்பிட்டான். கார் ஓடிற்று.

இது வீண் பொறுமையன்று. 3.3 வோல்ட்டுக்குரிய சில்லுக்கு 5 வோல்ட் கொடுத்தாலோ, புள்ளியிட்ட முதற் காலைத் தவறாகப் பிடித்தாலோ சில்லுக் கெடக்கூடும். பிரதி இல்லையேல் அந்த இரகசியமும் அதனோடு போய்விடும்.

ஆயினும், இதே கருவி பொய்யும் எழுதும். மீட்டரில் உள்ள ஞாபகத்தை மாற்றி, ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டுவோர் உளர். 2020இல் வாகன இறக்குமதி தடைப்பட்டு, தனியார் கார்கள் 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில், பழைய வண்டியை அதிக விலைக்கு வாங்கியோர் பலர் அந்த மீட்டர் எண்ணையன்றோ நம்பினர்? காற்றுப்பைப் பெட்டியோ மோதலைத் தன் ஞாபகத்திற் பதிந்துகொள்ளும். விரிந்த பையை மாற்றாது, எச்சரிக்கை விளக்கையும் ஏமாற்றி, பதிவை மட்டும் அழித்து விற்றால், அடுத்த மோதலில் ஓர் உயிர் போகலாம்.

மீட்டரைக் குறைக்கச் சொல்லி வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பியதாக மாணவன் சொன்னான்.

“காசு தேவைதான், சேர். ஆனால் வாங்கிறவனும் எங்கட சனந்தானே.”

கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 முதல் இயங்கும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் நம் இளைஞர் மோட்டார்த் தொழிலையும் பயில்கின்றனர். அவர்கள் கைக்கு இக்கருவியும் வரும். வகுப்பறையிற் பல்லாண்டாக நான் சொல்லி வந்த இரண்டே விதிகளை அவர்களுக்கும் சொல்வேன்: வாசித்த பின்னரே எழுதுக, எழுதுவது மெய்யாயிருக்கட்டும்.