பழி வாங்கும் டவர்

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசைப் பெரியவர்களே, தாய்மார்களே, பின்னால் மதில்மேல் உட்கார்ந்து "இந்தாளு எப்போ முடிப்பாரு" என்று செல்போனில் மணி பார்க்கும் தம்பிகளே!

உங்கள் பேச்சைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்து மேட்ச் நடக்கிறது. ஒரு முனையில் மச்சான், மறுமுனையில் மாப்பிள்ளை. மாப்பிள்ளை "எஸ்" என்று கத்திக்கொண்டே பாதி தூரம் ஓடி வந்துவிட்டார். மச்சான் கோட்டைத் தாண்டி நகரவே இல்லை. ஸ்டம்ப் பறந்தது. வேறு ஊராக இருந்தால் அங்கேயே கைகலப்பு. இங்கே கீப்பர் மச்சான் பக்கம் திரும்பி, "ஏனுங்கண்ணா, டவர் எடுக்கலீங்களா?" என்றான். அவுட்டான மாப்பிள்ளையே சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். "உனக்குக் காது கேக்கலியா, அறிவில்லையா" என்று கேட்டிருந்தால் ரெண்டு குடும்பமும் தீபாவளிக்குப் பேசிக்கொள்ளாது. டவர் என்று சொன்னதும் குற்றம் மனுசன் மேலிருந்து இறங்கி ஏதோ ஒரு இரும்புக் கம்பத்தின் மேல் ஏறிக்கொண்டது. கம்பத்துக்கு மானம், ரோசம் கிடையாதல்லவா?

போனிலிருந்து நம் வாய்க்கு வந்த சொற்களை எண்ணிப் பாருங்கள். ராங் நம்பர், நாட் ரீச்சபிள், சுவிட்ச் ஆஃப், சிக்னல் இல்லை, ஹேங் ஆயிட்டான். பெரும்பாலும் பழுதைச் சொல்லும் சொற்கள்தான். நல்லபடியாக வேலை செய்கிற போனிலிருந்து நாம் பெரிதாக எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. வாங்க, போங்க என்று பேசிப் பழகிய கொங்குச் சீமையில், பெரியவரைப் பார்த்து "உங்களுக்குப் புரியலை" என்று சொல்லிவிட முடியுமா? "மாமாவுக்கு இன்னும் சிக்னல் வரலைங்க" என்று சொல்லலாம். மாமாவும் சிரிப்பார்.

இது செல்போன் காலத்துப் பழக்கம் மட்டுமல்ல. மார்கழிக் குளிரில் பல் தந்தியடித்தது என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். தந்தி வந்தாலே பிரிப்பதற்கு முன் அழுகை கிளம்பிய காலம் அது. அவ்வளவு பயந்த கருவியைப் பல்லுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். 2013 ஜூலையில் தந்திச் சேவையை மூடிவிட்டார்கள். பல் மட்டும் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது. வெள்ளைக்காரன் அதே தந்தியைக் குத்துச்சண்டை மேடைக்குக் கொண்டுபோனான். குத்துவதற்கு முன் தோளைப் பின்னால் இழுத்துக் காட்டிக்கொடுக்கிறவனை, "டெலிகிராஃப் பண்ணாதே" என்று பயிற்சியாளர் அதட்டுவார்.

இப்போது கிரிக்கெட்டுக்கு வருகிறேன். தம்பிகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள், நல்லது. 1974 ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா 42 ரன்னுக்குச் சுருண்டது. கேப்டன் அஜித் வாடேகர். மூன்றே வருடத்துக்கு முன் அதே இங்கிலாந்தில் தொடரை வென்றுவந்தபோது கொண்டாடிய மக்கள், இந்த முறை அவர் வீட்டின் மேல் கல்லெறிந்தார்கள். அதோடு அவர் விளையாட்டு வாழ்க்கையும் முடிந்துபோனது.

2020 டிசம்பர் 19, அடிலெய்டு. அந்த 42-ஐயும் விடக் கேவலம், 36 ரன். ஆஸ்திரேலியாவின் ஹேசல்வுட் 8 ரன் கொடுத்து 5 விக்கெட். நம்மில் ஒருத்தர்கூட இரட்டை இலக்கத்தைத் தொடவில்லை, உதிரி ரன்கூடக் கிடையாது. இப்படிப்பட்ட ஸ்கோரைப் பார்த்தால் டெலிபோன் நம்பர் மாதிரி இருக்கிறது என்று கமெண்டரிக்காரர்கள் சொல்வது பழைய வழக்கம். சேவாக் அதை நம் காலத்துக்கு மாற்றினார். ஆட்டக்காரர்களின் ரன்களை வரிசையாக எழுதி, 49204084041, இதுதான் இந்த ஆட்டத்தை மறப்பதற்கான ஓடிபி என்று ட்விட்டரில் போட்டார். கூட்டிப் பாருங்கள், சரியாக 36 வரும். கோலியின் 4 அதில் இருக்கிறது, நம்ம அஸ்வினின் முட்டையும் இருக்கிறது. வயிறெரிந்து கிடந்த நாடு வாய்விட்டுச் சிரித்தது. ஒரே மாதம் கழித்து, 2021 ஜனவரி 19-ல் பிரிஸ்பேனில் ஜெயித்துத் தொடரையே கையில் வாங்கினார்கள். அந்த ஆட்டத்தில்தான் நம் சேலத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் முதல் டெஸ்ட் ஆடி, முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட் எடுத்தார். ஓடிபியால் ஜெயித்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கல்லெறிவதைவிட ஓடிபி அனுப்புவது நல்ல நாகரிகம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதே நாகரிகத்தைச் சிலர் கேடயமாகப் பிடிக்கிறார்கள். சான்றிதழ் வாங்கப் போனால் "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க" என்பார்கள். நாளைக்கும் அதே சர்வர், அதே டவுன். பழுதானது சர்வரா, அதற்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரா என்று கேட்கவும் முடியாது. மரியாதை தெரிந்த ஊர்க்காரர்கள் பேசாமல் திரும்பி வந்துவிடுகிறோம். இந்த ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் மரியாதையைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

இன்னொரு சொல், லைன் கிளியர். அந்தப் பெண்ணுக்கு வேறு ஆள் இல்லை என்றாலும் லைன் கிளியர், அப்பா வெளியூர் போய்விட்டார் என்றாலும் லைன் கிளியர். தண்டவாளம் காலியாக இருக்கிறது, வண்டியை அனுப்பு என்று ஒரு ஸ்டேஷன் அடுத்த ஸ்டேஷனுக்குச் சொல்லும் சொல் அது. நம் மதுக்கரையில் அந்தச் சொல்லை விளையாட்டாகச் சொல்லும்போது எனக்கு நாக்குக் கூசுகிறது. மதுக்கரைக்கும் வாளையாறுக்கும் நடுவில் காட்டுக்குள் போகும் ஏ லைன், பி லைன் என்ற ரெண்டு தண்டவாளமும் இங்கே எல்லோருக்கும் தெரியும். 2021 நவம்பர் 26 இரவு, நவக்கரை பக்கத்தில் மங்களூர்–சென்னை ரயில் மோதி மூன்று யானைகள் செத்தன. ரயிலுக்கு லைன் கிளியர்தான். யானையை யார் கேட்டார்கள்?

2024 பிப்ரவரியில் வனத்துறை இங்கே 12 கோபுரம் நட்டு, இருட்டிலும் உடல் சூட்டை வைத்து யானையைக் கண்டுபிடிக்கும் கேமராக்களை மாட்டியது. செலவு 7 கோடிக்கு மேல். யானை தண்டவாளத்தை நெருங்கினால் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் வரும், அங்கிருந்து ரயில் ஓட்டுநருக்குப் போகும். நாம் வேடிக்கைக்குச் சொல்கிற டவர், சிக்னல், லைன் எல்லாமே அந்த அறையில் மெய்யாகவே டவர், சிக்னல், லைன்தான். அங்கே பழியைத் தூக்கிக் கம்பத்தின் மேல் போட முடியாது.

தலைவர் அவர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். அடுத்த கூட்டத்துக்கு என்னை மாதிரி பேச்சாளரைக் கூப்பிடாதீர்கள். அந்த அறையில் ராத்திரி கண்விழித்து வேலை பார்ப்பவர்களில் ஒருவரை மேடையேற்றுங்கள். நான் அந்த மதில்மேல் தம்பிகளோடு உட்கார்ந்து கேட்கிறேன்.